இருபது புரோட்டீன் பார், ஒரு வெல்லக்கட்டி

கனடாவில் ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில், காபிக்கு வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் போயிருந்தேன். வெளியே கண்ணாடி மாதிரி குளிர். எனக்கு முன்னால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இரண்டு பேர், மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கென்றே கடையில் ஒரு தனி அலமாரி இருந்தது. கையுறை, கத்தி, டார்ச். நடுத்தட்டு முழுக்கப் புரோட்டீன் பார்கள், நம் ஊர்க் கடலைமிட்டாய் சைஸில், பளபளா உறையில். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரக் கிழவர் சொன்னார்: "மான் கிடைக்காத நாளிலும் மனுஷன் சாப்பிட வேண்டும் இல்லையா?"

அன்று காலையில்தான் ஏழுமலையிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. "மச்சான், காசிக்கா வயல்ல மயங்கி வுயுந்துட்சி. ஆஸ்பத்திரில சுகர்னு சொல்லி மாத்திரை குட்துகிறாங்க. நீ ஒண்ணும் பயப்படாத, சும்மா சொன்னேன்."

ஏழுமலை செங்கல்பட்டில் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருளர் வீட்டுப் பையன். நான் காலேஜுக்குப் போய் நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். அவன் அக்கா காசியம்மாவோடும் மனைவி செல்வியோடும் வயல் எலி பிடிக்கிறான். சம்பா அறுவடை முடிந்ததும் ஊர் ஊராகப் போவார்கள். வளைக்குள் எலி பதுக்கிய நெற்கதிரும், பிடிபடும் எலியும் அவர்களுக்கு. எந்த வளையில் எலி இருக்கிறது, எது காலி என்று சொல்வது காசிக்கா மட்டும்தான். அவள் படுத்துக்கொண்டால் மற்ற இரண்டு பேரும் நாளெல்லாம் வெறும் மண்ணைத்தான் வெட்ட வேண்டும்.

அலமாரியையும் அந்தச் செய்தியையும் என் மூளை பட்டென்று சேர்த்து முடிச்சுப் போட்டது. வேட்டைக்குப் போகிறவருக்குச் சரியான தீனி. அதுவும் சர்க்கரை நோயுள்ள வேட்டைக்காரிக்கு. ஆறு பார் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் மூன்று மாதம் இதே வேலை. நாவலூர் சூப்பர் மார்க்கெட்டில் நின்றபடியே உறைகளின் பின்பக்கத்தைப் படித்தேன். புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு. பக்கத்து சீட்டுக்காரன் "ஜிம்மா?" என்று கேட்டான். "வேட்டை" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். மாசி மாதம் வந்தபோது என்னிடம் இருபது பார், ஏழு வகை, ஒரு நோட்டு. மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். அவர்கள் தெய்வம் கன்னியம்மா கடலிலிருந்து வருகிற பௌர்ணமி அது. அதற்கு முந்தைய மூன்று நாள், வழியிலிருக்கும் வயல்களில் வேட்டையாடிக்கொண்டே கடலுக்குப் போவது இவர்கள் வழக்கம். இந்த முறை நானும் வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மூவரும் நின்றிருந்தார்கள். இரண்டு கடப்பாரை, புகை போடும் மண்சட்டி, கோணிப்பை, சமையல் மூட்டை. என் முதுகில் மலையேறுகிறவர்களின் பை.

"இன்னா மச்சான், வேட்டைக்கு வரியா, பொண்ணு பாக்க வரியா?" என்றான் ஏழுமலை.

காசிக்கா என் நோட்டைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, மஞ்சள் பூசிய முகம், முன்பல் ஒன்று இல்லை. "பரீச்ச எய்தப் போறியா நைனா? எலி உனுக்கு மார்க்கு போடாது."

பஸ் வந்தது. கண்டக்டர் கடப்பாரையைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார். "எலிக்கார கும்பலா? எறங்கு எறங்கு. நாத்தம் புடிக்கும்." கோணி காலியாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். என் சட்டையையும் பையையும் பார்த்துவிட்டு, "நீங்க ஏறலாம் சார்" என்றார். நான் ஏறவில்லை. இதில் வீரம் ஒன்றுமில்லை. அந்த அவசரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன், அவ்வளவுதான். அங்கே, கனடாவில், ரத்தம் வடியும் மானை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறவர்களுக்கு எதிரில் வருகிறவர்கள் கையசைக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோ ஒன்று ஏற்றிக்கொண்டது. திருக்கழுக்குன்றம் சாலையில் பாதி வழியில் டயர் போனது. டிரைவர் மாற்று டயரை எடுத்தார். அதுவும் காற்றில்லாமல் கிடந்தது. மீதி தூரம் நடை. நடக்கும்போதே என் ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். சாக்லேட் பூசிய பார் அதற்குள் பைக்குள்ளேயே உருகி உறையோடு ஒட்டிவிட்டிருந்தது. நோட்டில் எழுதினேன்: மாசி வெயிலுக்கு ஆகாது.

வயலுக்கு வந்ததும் காசிக்கா ஆளே மாறினாள். பேச்சு நின்றது. வரப்பில் குனிந்து, வளை வாயில் கிடக்கும் மண்ணை விரலில் எடுத்து முகர்ந்து, போட்டுவிட்டு நகர்ந்தாள். நாலாவது வளையில் நின்றாள். "இங்க." மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்தார்கள். செல்வி சட்டியில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வளை வாயில் கவிழ்த்து, அடியிலிருந்த ஓட்டையில் வாய் வைத்து ஊதினாள். கண் சிவக்கச் சிவக்க ஊதினாள். பிறகு ஏழுமலை கடப்பாரையை இறக்கினான்.

இதற்கெல்லாம் நடுவில் ஒன்றைக் கவனித்தேன். காசிக்கா காலையில் மாத்திரை போட்டாள். பால் இல்லாத டீ குடித்தாள். வேறு ஒன்றும் சாப்பிடவில்லை.

"முதல் எலி வர வரைக்கும் அக்கா வாயில சோறு படாது" என்றான் ஏழுமலை. "வவுறு ரொம்புனா மோப்பம் போய்டுமாம்."

அப்புறம் இதுவும். வளை தேடும்போது அவள் நெற்றியில் திடீரென்று வியர்வை முத்து முத்தாக நின்றது. விரல் நடுங்கியது. நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெல்லக்கட்டியை எடுத்து ஓரம் கடித்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடியும் குனிந்தாள்.

நான் நோட்டில் எழுதினேன்: சுகர் இருந்தும் வெல்லம் தின்கிறார். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

மதியம் வைக்கோல் நெருப்பில் எலியைச் சுட்டு, ரோமம் சுரண்டி, மிளகாயும் மஞ்சளும் போட்டுச் சமைத்தார்கள். சூடான சோறு. நானும் சாப்பிட்டேன். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் வயல் எலி சமைத்ததுண்டு. என் அப்பா கூலி வேலைக்குப் போன வயல்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நாவலூரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சாப்பிட்டுக்கொண்டே பார் உறையைப் படித்துக் காட்டினேன்.

"எலிக்கறி துன்னுகினே, அட்டையில புரதம் எவ்ளோன்னு படிக்கிற ஒரே ஆளு நீதான்டா" என்றான் ஏழுமலை. செல்விக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஆளுக்கொரு பார் கொடுத்தேன். பால் புரதம் போட்டது ஏழுமலைக்கு. சாயங்காலத்துக்குள் அவன் மூன்று முறை புதருக்குப் போய்வந்தான். பேரீச்சம்பழப் பார் செல்விக்கு. பிடித்திருந்தது, ஆனால் எறும்பு மொய்த்தது. ஓட்ஸ் பார் காசிக்காவின் மீதிப் பற்களுக்கு ஒத்துவரவில்லை. "செங்கல்ல சக்கர தூவி வச்சா மாரி கீது" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவர்களுடைய சொந்தக்காரர் குடிசையில் தங்கினோம். காலையில் பார்த்தால் என் பையின் அடியில் ஓட்டை. எலி. நாலு பாரைத் தின்றிருந்தது. சர்க்கரை போட்ட வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றிருந்தது. சர்க்கரை இல்லாததை ஒரு கடி கடித்துப் பார்த்து விட்டுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த எலிக்கு என்னைவிட விவரம் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை. கிழக்கே நகர நகரக் காற்றில் உப்பு தெரிந்தது. வயல்காரர் ஒருவர் பைக்கில் வந்து, மோட்டார் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது, தண்ணீர் வேண்டுமென்றால் வாய்க்காலில் மொண்டுகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எலியை ஒழிக்கச் சொல்லிக் கூப்பிட்டனுப்பியதும் அவரேதான். ஏழுமலை "சரிங்க" என்றான். அவர் போனதும், "எலிக்குக் கூட இந்தாளு வயல்ல துன்ன மனசு வராது" என்றான்.

அன்றைக்கு நான் ஒரு முடிவோடு இருந்தேன். காசிக்கா மாத்திரை போட்டு முடித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த வெல்லத்தக் குடுங்க."

"எதுக்கு நைனா?"

"சுகர் இருக்கறவங்க வெல்லம் சாப்பிடலாமா? மாத்திரையும் போட்டுட்டு வெல்லமும் கடிச்சா, மாத்திரை எதுக்கு?"

"இல்ல நைனா, அந்த நர்சம்மா இன்னா சொல்ச்சின்னா..."

"நர்சம்மா பார்த்தா திட்டுவாங்க. இந்தாங்க, இதுல சர்க்கரை துளிகூடக் கிடையாது. வேர்க்கடலைப் புரதம். மெத்துன்னு இருக்கும். நடுக்கம் வந்தா இதைக் கடிங்க."

என் கையிலிருந்ததைத்தான் மூன்று மாத ஆராய்ச்சியின் சிறந்த பார் என்று நினைத்திருந்தேன். உருகாது, எறும்பு வராது, சேற்றுக் கையோடும் பல்லால் கிழித்துப் பிரிக்கலாம். சர்க்கரை பூஜ்யம் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் ஏழுமலையைப் பார்த்தாள். அவன், "குட்துடுக்கா. படிச்சவன் சொல்றான், சும்மாவா சொல்வான்?" என்றான். முந்தானையை அவிழ்த்து வெல்லத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். செய்தித்தாள் துண்டில் மடித்து என் பையின் முன்ஜிப்பில் போட்டேன்.

அன்றைக்கு முதல் வளையிலேயே எலி வந்துவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் கஞ்சி குடித்துவிட்டோம். காசிக்கா பாரில் பாதியைத் தின்றுவிட்டு, "சாணி மாரி கீது, ஆனா வவுத்துல நிக்குது" என்றாள். மதியத்துக்கு மேல் கொஞ்சம் நடுங்கினாள். வெல்லப் பழக்கம் விடுபடும்போது அப்படித்தான் இருக்கும் என்று எழுதினேன். இந்த வாக்கியம் இப்போதும் நோட்டில் இருக்கிறது. அடிக்கவில்லை.

ஞாயிறு காலை, திருவிடந்தைக்கு மேற்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த வயலுக்குப் போனோம். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் இறங்கி, பெருமாள் கோயிலுக்குப் போகிற கார்களைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தில் நடந்து, அரைமணி நேரம் வரப்பு. கடைசி நாள். சாயங்காலத்துக்குள் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து மணலில் புடவைக் கூடாரம் போட வேண்டும். செல்வி அவசரப்பட்டாள். காசிக்கா ஏழு மணிக்கு மாத்திரை போட்டாள்.

வயல் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. யாரோ மருந்து வைத்திருந்தார்கள். வளைக்கு வளை மண் காய்ந்து, வாயில் சிலந்தி வலை. காசிக்கா முகர்ந்துகொண்டே போனாள். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. எலி வரவில்லை. எலி வராததால் அவள் சாப்பிடவில்லை.

"கொஞ்சம் கஞ்சி குடியேன்" என்றாள் செல்வி.

"வாசன வருது, இரு. இந்தப் பக்கம் எதோ கீது."

பத்தரை மணிக்கு வியர்த்தது. இடுப்பில் செருகியிருந்த பாரை எடுத்து அவளே கடித்தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. முழுப் பாரையும் தின்றாள். நான் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் பதிலுக்குச் சிரித்தாளா, வாய் கோணியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

பதினொன்றுக்குக் கடப்பாரையை ஏழுமலையிடம் கொடுக்காமல், யாருமில்லாத பக்கமாக நீட்டினாள். அவன் சிரித்தான். "இன்னாக்கா, கன்னியம்மா வந்து வாங்கிக்குமா?" அவள் அவனைத் திட்டினாள். காசிக்கா திட்டுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கெட்ட வார்த்தை. பிறகு வரப்பில் உட்கார்ந்தாள். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தாள். கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் முழுக்க வேர்வையில் நனைந்து, உடம்பு மீன் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"வெல்லம்" என்றான் ஏழுமலை. "மச்சான், அந்த வெல்லத்த எடு. அக்காவுக்கு இப்டி வந்தா அத்தத்தான் கடிக்கும்."

என் பை என் தோளில் இருந்தது. முன்ஜிப்பைத் தொட்டேன்.

"வேணாம்டா. சுகர் ஏறித்தான் மயங்கியிருப்பாங்க. வெல்லத்தக் குடுத்தா இன்னும் ஏறும்."

"நெஜமாவா?"

"நிஜமா."

அவன் கை பாதியில் நின்றது. செல்வியும் தலையாட்டினாள். சுகர்காரிக்கு இனிப்புக் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் சொல்லும் என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் இது: சுகர் என்றால் சர்க்கரை ஆகாது. நான் இன்னொரு பாரை உடைத்துப் பிசைந்து அவள் பல்லிடுக்கில் வைத்துப் பார்த்தேன். வழிந்து வந்துவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வயலுக்குள் வர வழியில்லை, சாலைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஏழுமலை முதுகில் தூக்கிக்கொண்டான். வரப்பில் கால் வழுக்கி இரண்டு முறை விழுந்தான். விழும்போதெல்லாம் அவள்மேல் விழாமல் தான் அடியில் விழுந்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தால் ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. ஏழுமலை சாலையில் நின்று கையை ஆட்டினான். சேறு பூசிய ஆள், கோணிப்பையோடு ஒரு பெண், தரையில் இன்னொருத்தி. கார்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கார்கள். பிறகு நான் முன்னால் போய் நின்றேன். ஒரு மினி லாரி நின்றது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்து வண்டி அது. பின்னால் வைக்கோல் மெத்தையில் ஒரு கல் நந்தி. கொம்பு உடைந்திருக்கிறது என்று வாங்கியவர் திருப்பியனுப்பியதாம். டிரைவர் தாடி வைத்த பாய். இறங்கிப் பார்த்தார். "சரக்கு குட்சிகிதா?" என்று கேட்டார். சுகர் என்றேன். "ஏறுங்க, ஏறுங்க, நிக்காதீங்க." நந்தியின் வயிற்றோரம் அவளைப் படுக்க வைத்தோம். ஒவ்வொரு குழிக்கும் அவள் தலை கல்லில் இடிக்காமல் செல்வி தன் கையை நடுவில் வைத்திருந்தாள். கை வீங்கிப்போனது.

வண்டி ஓடுகிற நேரம் முழுக்க என் பையை மடியில் வைத்திருந்தேன்.

அவள் மாத்திரை வாங்குகிற செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கே போகச் சொன்னோம். அங்கே ஒரு நர்ஸ் அவள் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். மெஷினில் எண் வரவில்லை. ரொம்பவும் குறைந்துவிட்டால் எண்ணுக்குப் பதிலாக எழுத்துத்தான் வருமாம். நர்ஸ் ஓடினார். டாக்டர் வந்தார், நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. அதற்கப்புறம்தான் நர்ஸ் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"சாப்டாங்களா?"

"இல்ல."

"வேர்த்து நடுங்கினப்போ இன்னா குட்தீங்க?"

நான் பார் உறையை நீட்டினேன். ஏன் அதை இன்னும் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சர்க்கரை இல்லேன்னு கொட்ட எழுத்துல போட்டுக்கீது. சர்க்கரை எறங்கிப் போயி சாவக் கெடக்கற ஆளுக்கு இதையா குடுப்ப? மாத்திரைய மாத்திக் குடுத்தப்பவே இந்தம்மாகிட்ட நான் படிச்சிப் படிச்சி சொன்னனே. கையில எப்பவும் ஒரு வெல்லம் வச்சிக்க, நடுக்கம் வந்தா கடி, வெறும் வவுத்துல மாத்திரை போடாதன்னு. சரின்னுதான் தலையாட்டிட்டுப் போச்சு. எங்க போச்சு அந்த வெல்லம்?"

ஏழுமலை என் பையைப் பார்த்தான். நர்ஸ் போனதும் திரும்பிக்கொண்டான். சுவரோரம் குந்தி உட்கார்ந்து, காய்ந்த சேற்றைக் காலிலிருந்து நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

"திட்டேன்டா" என்றேன்.

"இன்னான்னு திட்டறது? நீ சொன்னா கரெக்டா இருக்கும்னு நெனச்சேன். கரெக்டா இல்ல. அவ்ளோதான்."

திங்கள் விடியலில் அவன் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனான். அக்காவுக்காக வேண்டிக்கொண்டு வர வேண்டும் என்றான். நானும் பின்னால் போனேன். மணல் முழுக்கப் புடவைக் கூடாரங்கள். அலையோரத்தில் மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் பொரியும் வைத்து, குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் கல்யாணம் நடந்தது. வெல்லம் போட்ட பொங்கலின் வாசனை கடற்கரை முழுக்க இருந்தது. ஒரு கிழவர் இலையில் வைத்துக் கொடுத்தார். வாங்கினேன், சாப்பிட முடியவில்லை. ஏழுமலை அலை வந்து முழங்காலைத் தொடுகிற இடம் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினான். என்ன வேண்டினான் என்று கேட்கவில்லை.

காசிக்கா அன்று மத்தியானம் கண் விழித்தாள். செல்வியை அடையாளம் தெரிந்தது. ஏழுமலையைப் பார்த்து அழுதாள். தண்ணீர் கேட்பதற்கு "சட்டி, சட்டி" என்றாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். வார்த்தைகள் இடம் மாறியிருந்தன. ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகவில்லை, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த மாதத்தில் ஏழுமலை நாலு முறை வயலுக்குப் போயிருக்கிறான். வெறும் மண் என்கிறான். ஒருநாள் காசிக்காவை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனானாம். வளை மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறாள். ரொம்ப நேரம் முகர்ந்திருக்கிறாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது போல நின்றிருக்கிறாள்.

மீதி பார்கள் நாவலூரில் என் ஆபீஸ் டிராயரில் கிடக்கின்றன. ஜிம்முக்குப் போகிற பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை. எந்தப் பார் வேட்டைக்கு நல்லது என்று கேட்டு யாராவது இதைப் படித்தால், நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உருகாதது, எறும்பு வராதது, சேற்றுக் கையோடு பிரிக்கக்கூடியது என்று நான் போட்ட பட்டியலில் தப்பில்லை. அதைத் தின்னப்போகிறவர் என்ன மாத்திரை போடுகிறார், எப்போது சாப்பிடுகிறார், ஏற்கெனவே முடிச்சில் என்ன வைத்திருக்கிறார், ஏன் வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கிற வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு "அந்த நர்சம்மா இன்னா சொல்ச்சின்னா" வரைதான் பொறுமை இருந்தது.

வெல்லம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செய்தித்தாள் மடிப்பில், ஓரத்தில் அவள் பல் பட்ட தடத்தோடு.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளை மறுபடி மருத்துவமனையில் காட்ட வேண்டும். லீவு போட்டுவிட்டேன். காலையிலேயே செங்கல்பட்டு போய், அவள் மாத்திரை போடுவதற்கு முன்னால் இட்லி சாப்பிடுகிறாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். நர்ஸ் சொல்வதை எழுதிக்கொள்ளப்போகிறேன், அதே நோட்டில், அந்த வாக்கியத்துக்குக் கீழே. பிறகு மடிப்பைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, இது என்ன அக்கா என்று கேட்கப்போகிறேன். பெயரைச் சொல்லிவிட்டாளென்றால், அடுத்ததாக அவள் கேட்பாள், இது எப்படி உன்னிடம் வந்தது என்று. ஏழுமலை இதுவரை அவளிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.